கருவி மாறினால் ஆளும் மாறினாரா? அத்திரம்பாக்கத்துக் கற்கள் எழுப்பும் கேள்வி

2018 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வறிக்கை, அத்திரம்பாக்கம் என்ற ஊர்ப்பெயரை உலகத் தொல்லியலாளர்களின் விவாதத்துக்கு மீண்டும் கொண்டுவந்தது. திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கும் சிற்றூர் அது. அங்கே அகழ்ந்தெடுத்த 7,200க்கும் மேற்பட்ட கற்கருவிகளை ஆராய்ந்த குமார் அகிலேஷ், சாந்தி பப்பு குழுவினர், கனத்த கைக்கோடரிகளின் காலம் முடிந்து சிறிய செதில் கருவிகளின் காலம் அங்கே தொடங்கியது ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு என்று அறிவித்தார்கள். இந்தியாவில் இந்த மாற்றம் கடந்த ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்குள் நடந்தது என்றே பெரும்பாலோர் அதுவரை கருதிவந்தார்கள். காலம் இவ்வளவு பின்னுக்குப் போனதும் உடனே எழுந்த கேள்வி, இவற்றைச் செய்தவர்கள் யார் என்பது. நவீன மனிதர்கள் நாம் நினைத்ததைவிட வெகுமுன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டார்களா? கேள்வி இயல்பானது. ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: புதுவகைக் கருவி தென்பட்டால் புது மனிதக் கூட்டம் வந்திருக்க வேண்டும் என்ற அனுமானம். அது ஆதாரம் குறைந்த பழக்கம் என்பதும், கற்கருவியை ஓர் இனத்தின் அடையாளச் சீட்டாக வாசிப்பதைவிடத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய ஒரு திறனின் பதிவாக வாசிப்பதே சரி என்பதும் என் வாதம்.

இந்த விவாதத்துக்கு அத்திரம்பாக்கத்தைவிடப் பொருத்தமான இடம் அமைவது கடினம். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே இந்த வட்டாரத்தில்தான் பிறந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் மனிதக் கை செதுக்கிய ஒரு கல்லை அடையாளம் கண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் ஏராளமான கருவிகளைக் கண்டார்கள். பிரான்சின் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கள் மனிதர் செய்தவைதாம் என்று இங்கிலாந்தின் அறிஞர்கள் ஏற்றுக்கொண்டதே 1859இல். அதற்கு நான்கே ஆண்டுகளில் சென்னைக்கு அருகிலிருந்து அதே வகைக் கற்கள் கிடைத்தது சாதாரணச் செய்தியல்ல. அல்லிக்குழிக் குன்றுகளிலிருந்து உருண்டு வந்த குவார்ட்சைட் கற்கள் இந்தப் பகுதியெங்கும் கொட்டிக் கிடக்கின்றன. இறுகிய, நுண்மணிகளால் ஆன இந்தக் கல் ஓங்கி அடித்தால் கத்தி விளிம்போடு பிளக்கும். பிளந்த விளிம்பு எளிதில் மழுங்காது. நீர், வேட்டை விலங்கு, நல்ல கல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்துக்கு மனிதர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். அதனால்தான் இங்கே பல மீட்டர் ஆழத்துக்கு அடுக்கடுக்காகக் கருவிகள் கிடைக்கின்றன.

சென்னை சர்மா மரபுக் கல்வி மையத்தின் சார்பில் 1999இல் அகழாய்வு தொடங்கியபோது, இந்தக் கற்கள் பழையவை என்று தெரியுமே தவிர எவ்வளவு பழையவை என்பதற்குச் சரியான அளவீடு இருக்கவில்லை. 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் சாந்தி பப்பு, யானி கன்னெல், குமார் அகிலேஷ் முதலியோர் வெளியிட்ட முடிவுதான் அந்தக் குறையைத் தீர்த்தது. தரையின் மேற்பரப்பில் கிடக்கும் கல்லில் அண்டக் கதிர்கள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் இரு கதிரியக்க அணுவகைகளை உண்டாக்குகின்றன. கல் ஆழமாகப் புதைந்ததும் புதிய உற்பத்தி நின்றுவிடும், ஏற்கெனவே உண்டானவை சிதையத் தொடங்கும். அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகிறது. பெரிலியம் பாதியாக அதைப்போல் இரு மடங்குக் காலம் ஆகிறது. ஆகவே இரண்டுக்கும் இடையிலான விகிதமே கல் எப்போது புதைந்தது என்பதைக் காட்டிவிடும். கருவிகளையே நேராக இப்படி அளந்தபோது சராசரியாக 15.1 லட்சம் ஆண்டு என்று வந்தது. மண்ணடுக்கில் பதிந்திருந்த பூமியின் பழைய காந்தத் திசையும், கீழ் அடுக்குகள் 10.7 லட்சம் ஆண்டுகளுக்குப் பிற்பட்டவையாக இருக்க முடியாது என்றது. ஒன்றையொன்று சாராத இரு வழிகள் ஒரே பக்கம் சுட்டியதுதான் இந்த முடிவின் பலம். ஆப்பிரிக்காவில் மிகப் பழைய கைக்கோடரிகள் கென்யாவின் கொக்கிசெலேயில் 17.6 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை. அதோடு ஒப்பிட்டால், இந்தத் தொழில் தென்னிந்தியாவுக்கு வந்துசேர அதிகக் காலம் பிடிக்கவில்லை.

இந்தக் கைக்கோடரி என்ன பொருள்? பெயரைக் கேட்டதும் பலருக்குப் போர்க்கருவிதான் நினைவுக்கு வருகிறது. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. இரு முகங்களிலும் செதில் செதிலாகச் சீவி, ஒரு முனையைக் கூராக்கி, விளிம்பு முழுவதையும் வெட்டுவாயாக மாற்றிய கல் அது. கையால் பற்றி அறுக்கவும் பிளக்கவும் சீவவும் ஏற்றது. எறிவதற்கோ குத்துவதற்கோ அவ்வளவு வசதியானதல்ல. இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இவற்றைக் கொண்டு குதிரையையும் காண்டாமிருகத்தையும் அறுத்துக் கூறுபோட்டிருக்கிறார்கள். எலும்பில் வெட்டுத் தழும்புகள் அப்படியே இருக்கின்றன. அக்காலத்து ஆயுதம் பெரும்பாலும் மரத்தால் ஆனது. இங்கிலாந்தின் கிளாக்டனில் 1911இல் கிடைத்த கூராக்கிய யூ மர முனை சுமார் 4 லட்சம் ஆண்டுப் பழமை உடையது. ஜெர்மனியின் ஷோனிங்கனில் கிடைத்த முழு ஈட்டிகள் 2 முதல் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை. நம் வெப்பத்திலும் மழையிலும் மரம் நிலைக்காது. அத்திரம்பாக்கத்தில் வாழ்ந்தவர்களின் கையில் இருந்தவற்றில் நமக்கு எஞ்சியிருப்பது கல் மட்டுமே. அந்த எச்சத்தை வைத்து அவர்களை ‘கைக்கோடரிக் கூட்டம்’ என்று பெயரிடுவதே, மக்கிப்போன பெரும்பகுதியை மறந்துவிடும் முதல் தவறு.

இனி அந்த மாற்றத்துக்கு வருவோம். கைக்கோடரியில் கல்லின் உடல்தான் கருவி. சீவி எறியும் செதில்கள் பெரும்பாலும் கழிவு. புதிய முறையில் இது தலைகீழாகிறது. லெவல்லுவா என்று பாரிசின் புறநகர் ஒன்றின் பெயரால் அழைக்கப்படும் உத்தியில், கல்லைச் சுற்றிலும் சிறிது சிறிதாகச் சீவி, ஆமை ஓட்டின் முதுகைப் போல மேல்முகத்தைக் குவிந்த வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். அடி விழ வேண்டிய விளிம்பைத் தனியே பதப்படுத்துவார்கள். பிறகு ஒரே அடி. முன்கூட்டியே திட்டமிட்ட அளவிலும் வடிவிலும் மெல்லிய செதில் ஒன்று தெறித்து விழும். நீள்வட்டமாகவோ முக்கோண முனையாகவோ வேண்டியபடி எடுக்கலாம். கல் மிச்சம், விளிம்பு அதிகம். அந்த முக்கோணச் செதிலை மரக்கழியின் நுனியில் பொருத்தினால், கல் முதன்முறையாக ஈட்டியின் அங்கமாகிறது. ஆனால் அதற்கு முன் பிசின், நார், காம்பு என்று பல பொருள்களை ஒன்றுசேர்க்கும் சிந்தனை வேண்டும். தென்னாப்பிரிக்காவின் காத்து பான் என்ற இடத்தில் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கல்முனைகள் இப்படிப் பொருத்தப்பட்டன என்ற கருத்து 2012இல் முன்வைக்கப்பட்டது. அதை எல்லோரும் ஏற்கவில்லை. 3 லட்சம் ஆண்டு வாக்கில் ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் இந்தப் புது முறை பரவலாகத் தென்படுகிறது. அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரிகள் குறைந்து லெவல்லுவா செதில்களும் முனைகளும் நீள்செதில்களும் மிகுவது இந்தப் பெரும் மாற்றத்தின் ஒரு பகுதிதான்.

கருவியை ஆளோடு ஒட்டவைக்கும் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு, அது அழகான வரலாறு அல்ல. 1940களில் அமெரிக்கத் தொல்லியலாளர் ஹாலம் மோவியஸ் ஆசியாவின் குறுக்கே ஒரு கோடு வரைந்தார். கோட்டுக்கு மேற்கிலும் இந்தியாவிலும் கைக்கோடரி செய்தவர்கள், கிழக்கே வெறும் கூழாங்கல்லை உடைத்தவர்கள். கிழக்குப் பகுதி மனித வளர்ச்சியில் பின்தங்கிக் கிடந்தது என்பது அவர் எட்டிய முடிவு. 2000ஆம் ஆண்டில் தென்சீனாவின் போஸ் படுகையிலிருந்து 8 லட்சம் ஆண்டுப் பழமையான இருமுகக் கருவிகள் அறிவிக்கப்பட்டபோது அந்தக் கோடு பெரிதும் தளர்ந்தது. கைக்கு எட்டும் கல்லின் தன்மை, மூங்கில் போன்ற மாற்றுப்பொருள், எந்த இடத்தில் தோண்டினார்கள் என்ற தற்செயல் ஆகிய காரணங்கள் எதையும் எடைபோடாமல், கல்லின் வடிவத்திலிருந்து நேரே மனிதரின் தரத்துக்குத் தாவியதுதான் அவர் செய்த பிழை. இன்று யாரும் அவர் மொழியில் பேசுவதில்லை. ஆனால் ‘லெவல்லுவா இருக்கிறது, ஆகவே நவீன மனிதர் வந்துவிட்டார்’ என்று சொல்லும்போது நடப்பதும் அதே தாவல்தான்.

எலும்பும் கல்லும் ஒரே அடுக்கில் சேர்ந்து கிடைக்கும் இடங்களைப் பார்த்தால் இந்தத் தாவல் எவ்வளவு ஆபத்தானது என்று தெரியும். இஸ்ரேலின் ஸ்கூல், கஃப்சே குகைகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு புதைக்கப்பட்டவர்கள் நம் இனத்தார். அதே நாட்டின் கெபாரா குகையில் சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன்பு புதைக்கப்பட்டவர் நியாண்டர்தால் மனிதர். இரு சாராரும் கையாண்டது லெவல்லுவா உத்திதான். செதிலை எந்தத் திசையிலிருந்து அடித்தெடுப்பது என்பதில் வேறுபாடுகள் உண்டு. ஆனால் கற்களை மட்டும் ஒருவரிடம் கொடுத்து, எது நம்மவர் செய்தது, எது நியாண்டர்தால் செய்தது என்று கேட்டால், எலும்பைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் 3,15,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஆதி நவீன மனித எலும்புகளோடும் லெவல்லுவா கிடைக்கிறது. அதே காலகட்டத்தில் ஐரோப்பிய நியாண்டர்தால்களிடமும் அது இருக்கிறது. இரண்டு இனங்கள் ஒரே தொழிலைச் செய்திருக்கின்றன என்றால், தொழிலை வைத்து இனத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்தியாவிலேயே இதற்கு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு இருக்கிறது. ஆந்திரத்தின் கர்நூல் பகுதியில் உள்ள ஜ்வாலாபுரத்தில், சுமத்ராவின் தோபா எரிமலை 74,000 ஆண்டுகளுக்கு முன் உமிழ்ந்த சாம்பல் அடுக்கின் மேலும் கீழும் கற்கருவிகள் கிடைத்தன. மைக்கேல் பெட்ராக்லியா தலைமையிலான குழு 2007இல், மேலும் கீழும் கருவிகள் ஒத்திருப்பதால் நவீன மனிதர்கள் சாம்பல் விழுவதற்கு முன்பே அங்கே இருந்திருக்கக்கூடும் என்றது. பால் மெல்லர்ஸும் அவருடன் எழுதியவர்களும் 2013இல் அதை மறுத்தார்கள். அவர்கள் கருத்தில் அந்தக் கற்கள் பழைய மனிதர்களுடையவை, நவீன மனிதர்கள் பின்னர்தான் நுண்கற்கருவிகளோடு வந்தார்கள். இரு தரப்பிலும் தேர்ந்த அறிஞர்கள், எதிரே இருந்தவை அதே கற்கள், முடிவுகள் நேரெதிர். ஒரு சான்று இரண்டு எதிர்முடிவுகளுக்கும் இவ்வளவு எளிதாக இடங்கொடுக்கிறது என்றால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆற்றல் அந்தச் சான்றுக்கு இல்லை என்றுதான் நான் கொள்கிறேன். இலங்கை நிலைமை வேறு. ஃபாஹியன் குகையிலும் பட்டதொம்பலெனவிலும் நவீன மனித எலும்புகளும் குவார்ட்ஸ் நுண்கற்கருவிகளும் ஒன்றாகக் கிடைப்பதால் அங்கே ‘யார்’ என்ற கேள்விக்கு விடை உண்டு. விடையைத் தந்தது எலும்பு. கல் அதற்குத் துணை நின்றது.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு கால ஒற்றுமை. கென்யாவின் ஓலோர்கெசைலியில் கைக்கோடரிகள் மறைந்து சிறு கருவிகள் 3,20,000 ஆண்டு வாக்கில் வந்துவிடுகின்றன. ஜெபல் இர்ஹூத் 3,15,000. அத்திரம்பாக்கம் 3,85,000. இத்தனை தொலைவில் உள்ள இடங்களில் ஏறத்தாழ ஒரே யுகத்தில் ஒரே மாற்றம் நடந்தால், யாரோ ஒரு கூட்டம் அதைச் சுமந்துகொண்டு பரவியது என்பதுதானே எளிய விளக்கம்? முதலில், ‘ஒரே யுகம்’ என்பதன் அகலத்தைக் கவனிக்க வேண்டும். அத்திரம்பாக்கத்தின் காலக்கணிப்பில் பிழை வரம்பு இரு பக்கமும் 64,000 ஆண்டு. அந்த இடைவெளிக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தலைமுறைகள் தோன்றி மறைந்திருக்கும். அவ்வளவு காலத்தில் ஒரு திறன், தன்னைக் கையாண்டவர்கள் இடம்பெயராமலே, அண்டைக் கூட்டத்திலிருந்து அண்டைக் கூட்டத்துக்குக் கண்டம் தாண்டிப் போய்விட முடியும். ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்தால் போதும். நம் இனத்தாருக்கும் நியாண்டர்தால்களுக்கும் இடையே இனக்கலப்பு நடந்தது என்பதை மரபணுக்கள் காட்டும்போது, தொழில்கலப்பு நடந்திருக்காது என்று எண்ணக் காரணம் இல்லை. அடுத்தது, இந்தியாவுக்குள்ளேயே மாற்றம் ஒரே மூச்சில் நடக்கவில்லை. ராஜஸ்தானின் தார்ப் பாலைவன விளிம்பில் உள்ள சிங்கி தலாவில் கைக்கோடரி மரபு 1,77,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் சோன் பள்ளத்தாக்கில் அது 1,40,000 முதல் 1,20,000 ஆண்டுகளுக்கு முன்பும் தொடர்ந்தது. அத்திரம்பாக்கத்தில் அதற்கும் இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே கைவிடப்பட்ட தொழில் வடக்கே செழித்திருக்கிறது. பழையவர்களைத் துடைத்துக்கொண்டு வந்த ஒற்றை அலை விட்டுச்செல்லும் தடம் இப்படி இருக்காது.

இன்னொரு மறுப்பு உத்தியின் சிக்கலைச் சுட்டுகிறது. லெவல்லுவா அவ்வளவு நுட்பமானது, பலர் பல இடங்களில் தனித்தனியே அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பது. இது பார்வைக்கு நியாயமாகத் தோன்றினாலும், கைக்கோடரி செய்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதை மறந்துவிடுகிறது. இருமுகக் கருவியைச் சீவும் ஒவ்வொருவரும் கல்லின் குவிவைக் கட்டுப்படுத்தக் கற்றிருந்தார்கள். அடிக்கும் விளிம்பைப் பதப்படுத்தவும், செதில் எவ்வளவு தூரம் ஓடும் என்று கணிக்கவும் அவர்களுக்குத் தெரியும். லெவல்லுவாவின் கூறுகள் யாவும் அந்தப் பழைய தொழிலுக்குள்ளேயே இருந்தன. எது கருவி, எது கழிவு என்பதில் மட்டுமே பார்வை மாற வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவின் விக்டோரியா வெஸ்ட் கருக்கற்களில் (செதில்களை அடித்தெடுத்த மூலக் கற்களில்), கைக்கோடரிக் காலத்துக்குள்ளேயே பெரிய செதிலைத் திட்டமிட்டு எடுக்கும் முறை தெரிகிறது. ஆர்மீனியாவின் நோர் கெகியில் 3,35,000 முதல் 3,25,000 ஆண்டுகளுக்கு இடைப்பட்ட மண்ணடுக்கில் இருமுகக் கருவிகளும் லெவல்லுவாவும் அடுத்தடுத்தே கிடக்கின்றன. அங்கே பழைய தொழிலிலிருந்து புதியது உள்ளூரிலேயே கிளைத்தது என்று டேனியல் ஆட்லர் குழுவினர் 2014இல் வாதிட்டார்கள். எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது.

மூன்றாவது மறுப்பு அத்திரம்பாக்கத்தின் மண்ணிலிருந்தே வருகிறது, மூன்றிலும் இதுவே கனமானது. கைக்கோடரிகள் நிறைந்த கீழ் அடுக்குகளுக்கும் அவற்றின் மேல் புதிய செதில் கருவிகள் கிடைக்கும் இடைப் பழங்கற்கால அடுக்குகளுக்கும் நடுவே தொடர்ச்சி இல்லை, நீண்ட கால இடைவெளி உண்டு. ஒரு தொழில் மற்றொன்றாக உருமாறுவதை நாம் அங்கே நேரில் பார்க்கவில்லை, ஆகவே புதியவர்கள் வந்திருக்கலாமே என்று கேட்கலாம். வந்திருக்கலாம். அதே ஆட்களின் வழித்தோன்றல்கள் வேறிடத்தில் கற்றுக்கொண்டு திரும்பியும் இருக்கலாம். இடைவெளி இரு பக்கத்தின் வாயையும் சமமாகவே அடைக்கிறது. உள்ளூர்த் தொடர்ச்சி நிரூபிக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதுதான் பிரச்சினை. புது இனம் வந்தது என்பவர் அதற்கு எலும்போ மரபணுவோ காட்ட வேண்டும். கருவி மாறியதைக் காட்டிவிட்டு அதையே சான்று என்று சொன்னால், நிறுவ வேண்டியதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டதாகும். அகிலேஷ், பப்பு குழுவினரே இந்த இடத்தில் காட்டிய நிதானம் பாராட்டத்தக்கது. ஆப்பிரிக்காவிலிருந்து நடந்த பரவல் பற்றிய மாதிரிகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார்களே ஒழிய, செய்தவர் இன்னார் என்று அவர்கள் பெயர் சூட்டவில்லை.

அப்படியானால் கல்லிலிருந்து மனிதரைப் பற்றி எதுவுமே அறிய முடியாதா என்றால், நிறையவே அறியலாம். அத்திரம்பாக்கத்தின் பழைய அடுக்குகளில் பெரிய செதில்களால் ஆன கருவிகள் இருக்கின்றன. அவற்றை உடைத்தெடுத்த ராட்சதக் கருக்கற்கள் அங்கே இல்லை. அந்தச் செதில்களை வேறிடத்தில் எடுத்துச் சுமந்துவந்து இங்கே சீர்செய்திருக்கிறார்கள் என்று பொருள். 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, நாளைய தேவைக்காக இன்று ஒரு பாரத்தைத் தூக்கி நடந்த மனம் அது. எங்கே கல் இருக்கிறது, எந்தக் கல் பிளக்கும், எத்தனையாவது அடியில் நிறுத்துவது என்பதையெல்லாம் ஒருவர் மற்றவருக்குக் காட்டாமல் இந்தத் தொழில் இத்தனை ஆயிரம் தலைமுறைகளுக்கு நீடித்திருக்காது. குருவும் சீடரும் என்ற உறவின் மிகப் பழைய பதிவேடு கற்செதில்தான் என்று சொல்வதில் மிகை இல்லை. அந்தப் பதிவேட்டில் திறன் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, கற்பித்தல் இருக்கிறது. மண்டையோட்டின் வடிவம் மட்டும் இல்லை.

தமிழ்நாட்டில் இதைச் சொல்ல வேண்டிய தேவை சற்று அதிகம். அத்திரம்பாக்கத்தின் பழமையைக் கேட்டதும் ‘முதல் தமிழர் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார்’ என்று பெருமைப்படுவோர் உண்டு. 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் இனமே உலகில் தோன்றியிருக்கவில்லை. எந்த மொழியின் வரலாறும் அந்தக் காலத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இன்று ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்கள் அனைவரின் மரபணுவிலும் பெரும்பங்கு, சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கிருந்து பரவியவர்களிடமிருந்து வந்தது. கொசஸ்தலைக் கரையில் கைக்கோடரி செய்தவர்களின் குருதி நம்மிடம் இருக்கிறதோ இல்லையோ, அவர்கள் விட்டுச்சென்றதைக் காக்கும் பொறுப்பு நமக்கு உண்டு. முன்னோர் என்று உரிமை கொண்டாடினால்தான் மதிப்பு என்று நினைப்பவர்கள், கருவியை ஆளோடு ஒட்டும் அதே பிழையைப் பெருமையின் பெயரால் செய்கிறார்கள்.

இந்தியாவில் இதுவரை கிடைத்த மிகப் பழைய மனிதப் புதைபடிவம் 1982இல் நர்மதைக் கரையின் ஹத்னோராவில் அருண் சோனாக்கியா கண்டெடுத்த மண்டையோட்டுப் பகுதிதான். அதன் வயதும் வகையும் இன்றும் விவாதத்தில் இருக்கின்றன. வெப்ப நிலத்தில் எலும்பு அரிது, பழைய மரபணு இன்னும் அரிது. சைபீரியாவின் டெனிசோவா குகைக் குளிரில் ஒரு விரல் எலும்புத் துண்டு தந்த மரபணுச் செய்தியைத் திருவள்ளூரின் களிமண்ணிடம் எதிர்பார்க்க முடியாது. நாளை அத்திரம்பாக்கத்தை ஒட்டி ஒரு மண்டையோடு கிடைத்தாலும், அதை எந்தக் கருவியோடு இணைப்பது என்பதைத் தீர்மானிக்கப்போவது அருகில் அசையாமல் கிடக்கும் செதில்களும் சில்லுகளும் அவை கிடந்த அடுக்கும்தான். ஃபூட் தன் காலத்தில் திரட்டியவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்தன. அழகிய கைக்கோடரிகளை எடுத்துவைப்பது எளிது. பெயரில்லாத கழிவுச் செதில்களோடு ஒரு மண்ணடுக்கை முழுதாக விட்டுவைப்பதுதான் கடினம். சரளைக்காகவும் செம்மண்ணுக்காகவும் செங்கல்லுக்காகவும் வெட்டப்படும் ஒவ்வொரு குழியும் அந்தத் தொடர்பைக் கலைக்கிறது. கலைந்த பிறகு கிடைக்கும் எலும்பு, எவ்வளவு பழையதாக இருந்தாலும், அந்தக் கற்களைச் செய்தது யார் என்ற கேள்விக்குப் பதில் தராது.